டர்பனில் முகப்பரு: லேசான பருவை வீட்டிலேயே ஆற்றுவது எப்படி

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். ஊரில் மார்கழிப் பனி இன்னும் விடவில்லை. இங்கே உச்சிக் கோடை. விமான நிலையக் கதவு திறந்ததும் ஈரத் துணியை முகத்தில் போட்டது போல ஒரு காற்று. மூன்றாவது வாரம் நெற்றியிலும் தாடையிலும் பரு கிளம்பிவிட்டது. முப்பத்தொரு வயதில், கல்லூரியில்கூட வராத பரு.

அதற்கப்புறம் எட்டு மாதம் படாத பாடு பட்டேன். கண்டதைப் பூசினேன், யார் என்ன சொன்னாலும் வாங்கினேன். ஏறத்தாழ நாலாயிரம் ரேண்ட் போனது. கடைசியில் முகத்தை ஆற்றியது மூன்று சாதாரண டியூப்கள். மூன்றும் சேர்ந்து ஐந்நூறு ரேண்டைத் தாண்டவில்லை. இங்கே புதிதாக வரும் பிள்ளைகளும் அதே கடைகளில் அதே காசைக் கொட்டுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரும் மருந்துக் கடைக்காரரும் சொன்னதைக் கேட்டு, செய்து பார்த்து, தேறியவள்.

1. முதலில் இது லேசான பருதானா என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் கண்ணாடியை வைத்துக்கொண்டு பாருங்கள். பாத்ரூம் விளக்கு வேண்டாம், அது எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும்.

மூக்கிலும் தாடையிலும் கரும்புள்ளி, தோலுக்கடியில் அரிசிக் குருணை போல வெண்புள்ளி, அங்கங்கே சிவந்த சின்னப் பரு, ஒன்றிரண்டில் சீழ் முனை. இவ்வளவுதான் என்றால் அது லேசானது, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். தொட்டால் உள்ளே கோலிக்குண்டு போல உருண்டு வலிக்கும் கட்டி, ஆறிய இடத்தில் குழி, முதுகு மார்பு முழுக்கப் பரவியது என்றால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். குழி விழுந்த பிறகு எந்த டியூபும் அதை நிரப்பாது.

டர்பனில் ஒரு குழப்பம் உண்டு. நெற்றியிலும் மார்பிலும் எல்லாம் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து, அரிக்கவும் செய்தால், அது பெரும்பாலும் பரு இல்லை. வியர்வையும் ஈரமும் சேர்ந்து மயிர்க்கால்களில் வளரும் ஒருவகைப் பூஞ்சை. பரு மருந்து அதற்குக் கேட்காது, ஆன்டிபயாட்டிக் அதை இன்னும் கூட்டும். பரு பெரிதாக அரிக்காது, இது அரிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையில் காட்டிக் கேளுங்கள்.

2. இப்போது பூசிக்கொண்டிருப்பதை எல்லாம் நிறுத்துங்கள்

எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. பரு வந்தால் கை சும்மா இருக்காது. எலுமிச்சைச் சாறு, பற்பசை, பேக்கிங் சோடா, டெட்டால் கலந்த தண்ணீர், கடலை மாவை வைத்து அரக்கித் தேய்ப்பது என எல்லாம் செய்தேன். எல்லாமே தோலை எரித்து வறட்டுபவை. எரிந்த தோலில் பரு ஆறுவதும் தாமதம், ஆறிய பின் கருப்பாக நிற்பதும் அதிகம். நம் மாநிறத்துக்கு அந்தக் கருப்புதான் பருவைவிடப் பெரிய தலைவலி.

இந்த ஊர் வைத்தியம் ஒன்றும் உண்டு. எல்லா வீட்டிலும் ஒரு பச்சை டப்பா ஜாம்பக் இருக்கும். உதட்டு வெடிப்புக்கு நல்ல களிம்புதான். ஆனால் யூகலிப்டஸ் எண்ணெய் கலந்த அந்தப் பிசுபிசுப்பைச் சிவந்த பருவின் மேல் அப்பினால் எரிச்சல்தான் மிச்சம்.

நான் குடியிருந்தது சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா வீட்டின் பின்கட்டில். இங்கே பாட்டியை ஆயா என்பார்கள். அவர் பிறந்து வளர்ந்ததே டர்பன்தான். பேச்சு முக்கால்வாசி ஆங்கிலம், ஆனால் வைத்தியம் என்று வந்தால் தமிழ் வந்துவிடும். "மஞ்சா போடு கண்ணு, எல்லாம் காஞ்சிரும்" என்று சின்னக் கிண்ணத்தில் குழைத்தே கொண்டுவந்து கொடுப்பார். மஞ்சள் பெரிய கெடுதல் செய்யாது, பெரிதாக எதையும் ஆற்றவும் இல்லை. தலையணை உறை மட்டும் மஞ்சளானது. ஆயாவின் மனம் நோகாமல் இருக்க வெள்ளிக்கிழமைகளில் காலில் பூசிக்கொண்டேன்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான ஆபத்து வேறு.

வந்த இரண்டாம் மாதம், வேலையிடத்துத் தோழி ஒருத்தி நகரத்தில் ஒரு நடைபாதைக் கடைக்குக் கூட்டிப்போனாள். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை டப்பா. பெயர் இல்லை, என்ன கலந்தது என்று இல்லை, தேதி இல்லை. "பத்து நாளில் பளிச்" என்றார் கடைக்காரர். சொன்னபடியே பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது, பரு இருந்த இடம் தெரியவில்லை. இன்னொரு டப்பா வாங்கினேன். அது தீர்ந்த நாலாம் நாள், முன்பு நெற்றியிலும் தாடையிலும் மட்டும் இருந்த பரு கன்னம் முழுக்க வந்தது. தோல் மெலிந்து, அடுப்பு அனல் பட்டாலே சிவந்தது. பிறகு டாக்டர் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை மாதமாக ஸ்டீராய்டு போடுகிறாய்?"

ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும், அதனால்தான் முதலில் அப்படிப் பளபளக்கும். பருவின் காரணம் உள்ளே அப்படியே இருக்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கிளம்பும். சில டப்பாக்களில் பாதரசம் இருக்கும், சிலவற்றில் தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன். அழகுப் பொருட்களில் ஹைட்ரோகுவினோன் சேர்ப்பதைத் தென்னாப்பிரிக்கா 1990லேயே தடை செய்துவிட்டது. இருந்தும் திருட்டுத்தனமாக விற்கத்தான் விற்கிறார்கள்.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த டியூபையும் நம்பாதீர்கள். அம்மா வாங்கிக் கொடுத்ததாகவே இருக்கட்டும், பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், டெக்ஸாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது பருவுக்கு வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் டாக்டரிடம் அந்த டப்பாவையே எடுத்துப் போங்கள். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு வாரம் வெறும் தண்ணீரும் மென்மையான ஃபேஸ்வாஷும் மட்டும் போதும்.

3. தலை எண்ணெய், தலையணை உறை, ஹெல்மெட்

பரு வருவது தோலின் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து மயிர்க்காலை அடைப்பதால். அங்கே இருக்கும் கிருமி அதற்குள் பெருகும், இடம் வீங்கும். அடைப்பு உள்ளே தொடங்குவதால் முகத்தை எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது. ஆனால் வெளியிலிருந்து நாம் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்ணெயைத் தடுக்கலாம்.

என் நெற்றிப் பருவில் பாதி தேங்காய் எண்ணெய் செய்த வேலை. ஊரில் தினமும் தலைக்கு வைத்துப் பழக்கம். இங்கே வியர்வையில் அது வழிந்து நெற்றிக்கு வந்தது. எண்ணெயை விட மனசில்லை என்றால் வாரம் ஒரு நாள், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு படுக்காதீர்கள். தலையை அலசிய பிறகு கடைசியாக முகத்தைக் கழுவுங்கள். கண்டிஷனர் வழிந்து நெற்றியில் தங்கும்.

தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்றினேன். பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைத் துடைத்து வையுங்கள். தைப்பூசக் காவடி இங்கே நல்ல வெயிலில் வரும். விபூதியும் மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து முகத்தில் காய்ந்து கிடக்கும். பூசை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டால் போதும், தேய்க்க வேண்டாம்.

4. வாங்க வேண்டியது மூன்றே மூன்று

கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற கடைக்குள் நுழைந்தால் பருவுக்கென்றே ஒரு சுவர் நிறைய டப்பா இருக்கும். அந்தச் சுவரைப் பார்க்காமல் நேராக உள்ளே மருந்துக் கவுண்டருக்குப் போங்கள். மருந்தாளரிடம் கேட்பதற்குக் காசு இல்லை.

முதலாவது, வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ். காலை ஒன்று, இரவு ஒன்று. சோப்புக் கட்டி வேண்டாம், பொடிக்கல் கலந்த ஸ்க்ரப் வேண்டவே வேண்டாம். மலிவாக வேண்டும் என்றால் பெரிய டப்பாவில் வரும் அக்வஸ் க்ரீமைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம். அதிலேயே ஒரு பொறி இருக்கிறது: பல அக்வஸ் க்ரீம்களில் சோடியம் லாரைல் சல்ஃபேட் என்ற நுரைப் பொருள் உண்டு. கழுவிவிட்டால் சரி. மாய்ஸ்சரைசர் போலப் பூசி அப்படியே விட்டால் எரியும். நான் விட்டேன், எரிந்தது.

இரண்டாவது, பென்சாயில் பெராக்சைட் ஜெல். 2.5, 5, 10 என மூன்று சதவீதத்தில் வரும். கடைக்காரர் 10 எடுத்து நீட்டினாலும் 2.5 கேளுங்கள், இல்லையென்றால் 5. பருவை ஆற்றுவதில் 2.5க்கும் 10க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது; எரிச்சலில்தான் வித்தியாசம். கிருமி இதற்குப் பழகிப்போவதும் இல்லை. இதுதான் முக்கிய மருந்து. கரும்புள்ளி, வெண்புள்ளி மட்டும் இருந்து சிவந்த பரு இல்லாதவர்கள் இதற்குப் பதில் 2 சதவீத சாலிசிலிக் அமிலத்தில் தொடங்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது எரிக்கிறது என்றே தெரியாது.

மூன்றாவது, எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர். டப்பாவில் 'நான்-காமிடோஜெனிக்' என்று இருக்கிறதா பாருங்கள், துவாரத்தை அடைக்காது என்று பொருள். "ஏற்கெனவே எண்ணெய் வழிகிறதே, இது எதற்கு" என்று நானும் கேட்டேன். ஜெல் தோலை வறட்டும். வறண்டு உரிந்தால் நீங்களே ஜெல்லை விட்டுவிடுவீர்கள். அதற்குத்தான் இது.

நான் வாங்கியபோது ஜெல் நூற்றெண்பது ரேண்ட் சுமார், ஃபேஸ்வாஷும் மாய்ஸ்சரைசரும் அதைவிடக் குறைவு. ஜெல் டியூப் ஒன்று எனக்கு இரண்டரை மாதம் வந்தது.

இங்கே மருந்து டப்பாவில் எஸ்0, எஸ்1, எஸ்2 என்று ஓர் எண் கட்டம் போட்டு அச்சிட்டிருக்கும். எஸ்0 சூப்பர் மார்க்கெட்டில்கூடக் கிடைக்கும். எஸ்1, எஸ்2 மருந்துக் கடையில் மட்டும், டாக்டர் சீட்டு இல்லாமலே தருவார்கள். பெயரும் முகவரியும் கேட்டுக் கணினியில் பதிந்தால் திகைக்காதீர்கள், அது வழக்கம். எஸ்3 முதல் டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டை இங்கே 'ஸ்கிரிப்ட்' என்றுதான் சொல்வார்கள், பிரிஸ்கிரிப்ஷன் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னதற்கு ஒரு பையன் சிரித்தான்.

எஸ்1இலிருந்து மேலே உள்ள மருந்துகளுக்குத் தயாரிப்பாளர் நாடு முழுக்க ஒரே விலைதான் வைக்க வேண்டும்; கடைக்குக் கடை மாறுவது மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கான வழங்கு கட்டணம் மட்டுமே, அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே ஒரு ஜெல்லுக்காகப் பஸ் ஏறி ஆறு கடை அலைய வேண்டாம். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர் இந்தக் கணக்கில் வராது, அவற்றுக்குத் தள்ளுபடி பார்த்து வாங்கலாம். "இதற்கு ஜெனரிக் இருக்கிறதா?" என்று தவறாமல் கேளுங்கள்; அதே மருந்துதான், வேறு பெயரில், மலிவாக. இருந்தால் சொல்ல வேண்டியது மருந்தாளரின் சட்டக் கடமை.

5. பூசும் முறை

ஜெல்லை முதலில் முழங்கையின் உள்மடிப்பில் கடுகளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். லேசான சிவப்பு பரவாயில்லை. தடித்து வீங்கினால் அது உங்களுக்கு ஆகாது. முகமோ உதடோ வீங்கி மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனை. அரிதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

இரவில் முகம் கழுவுங்கள். டவலால் ஒற்றி எடுங்கள். பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள், பாத்திரம் கழுவுங்கள், அம்மாவுக்குப் போன் போடுங்கள். ஈரத் தோலில் ஜெல் அதிகம் இறங்கி எரிக்கும். முகம் முழுக்க உலர்ந்த பிறகு ஒரு பட்டாணி அளவு ஜெல். மொத்த முகத்துக்கும் அந்த ஒரு பட்டாணிதான். நெற்றி, இரு கன்னம், தாடை என நாலு இடத்தில் புள்ளி வைத்து மெல்லப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு முனையை விட்டுவிடுங்கள்.

எல்லோரும் செய்யும் தப்பு, பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது. இன்று தெரியும் பரு சில வாரங்களுக்கு முன்பே உள்ளே அடைத்துக்கொண்டது. அடுத்ததாக வரப்போவது பக்கத்தில், இப்போது ஒன்றுமே தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால் பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும்.

முதல் வாரம் ஒன்று விட்டு ஒரு நாள், பூசிப் பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். இரண்டாம் வாரம் அரை மணி நேரம். மூன்றாம் வாரம் ஒன்று விட்டு ஒரு நாள் இரவு முழுக்க. தாங்கினால் நாலாம் வாரத்திலிருந்து தினம். மேலே மாய்ஸ்சரைசர். உரிந்தால், இழுத்தால், சிவந்தால் இரண்டு நாள் விடுமுறை கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் உள்நாட்டிலிருந்து சூடாக, வறண்டு ஒரு காற்று வீசும், இங்கே பெர்க் விண்ட் என்பார்கள். அந்த நாட்களில் எனக்கு உதடு வெடிக்கும், கன்னம் உரியும். ஜெல்லை ஓர் இரவு தள்ளிவிடுவேன்.

இனி டவல் விஷயம். இந்த மருந்து துணியின் சாயத்தை வெளுக்கும். ஆயா எனக்குக் கொடுத்திருந்தது நல்ல அரக்கு நிற டவல், அவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. மூன்றே வாரத்தில் அதில் ஆரஞ்சு நிறத்தில் தீவு தீவாகத் திட்டு. முதலில் அழுக்கு என்று நினைத்து ஊறவைத்துத் துவைத்தேன், திட்டு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, டவலை மடித்து வெளியே நாய்க்குப் போட்டுவிட்டார். வெள்ளை டவல், வெள்ளைத் தலையணை உறை, படுக்கப் பழைய வெள்ளை டிஷர்ட் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பூசிய கையைக் கழுவுங்கள், புருவத்தில் படாமல் பாருங்கள்.

டியூபைக் காரில் விடாதீர்கள். வெயிலில் மூடிய கார் அடுப்பு மாதிரி. இந்த மருந்து சூட்டில் கெடும். அறையில் நிழலான அலமாரி போதும்.

6. காலையில் சன்ஸ்கிரீன்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்குள்ள வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. மேகம் மூடியிருந்தாலும் தோலைச் சுடும். பரு ஆறிய இடம் கருத்து நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த வெயில். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத, ஜெல் அல்லது நீர்த்த லோஷன் வகை சன்ஸ்கிரீன் காலையில் மாய்ஸ்சரைசருக்கு மேல். தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமான கான்சாவின் முத்திரை பல உள்ளூர் டப்பாக்களில் இருக்கும். அது இருந்தால் விலை குறைந்ததையே தைரியமாக எடுக்கலாம். கடற்கரைக்குப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி. இது மேலே சொன்ன மூன்றில் சேராத நாலாவது செலவுதான், தெரியும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் என்று நினைத்துக் கணக்கில் விட்டேன்.

7. நாள்காட்டியில் பன்னிரண்டு வாரம் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் வாரம் ஒன்றும் நடக்காது. சிலருக்கு மூன்றாம் வாரம் முன்பைவிட மோசமாகத் தெரியும். என் தோழிகள் பாதிப் பேர் இங்கேதான் டியூபைத் தூக்கி எறிந்தார்கள். ஆறாவது, எட்டாவது வாரத்தில் புதுப் பரு குறையத் தொடங்கும். பலித்ததா இல்லையா என்று பன்னிரண்டாவது வாரத்தில்தான் சொல்ல முடியும். ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகிறீர்களா? தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணித் தொடங்குங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது புது டியூபைத் திறக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஜன்னல், அதே நேரம், ஒரு போட்டோ. நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. நான் ஏழாவது வாரம் நொந்துபோய் எல்லாவற்றையும் விட இருந்தேன். முதல் வாரப் படத்தைத் திறந்து பார்த்தேன். படத்தில் தாடையில் பதினொன்று, இப்போது கண்ணாடியில் நாலு.

பரு போனதும் ஜெல்லையும் நிறுத்தாதீர்கள். வாரம் மூன்று இரவு தொடருங்கள். நான் நிறுத்திப் பார்த்தேன், ஐந்து வாரத்தில் திரும்பி வந்தது.

8. கிள்ளாதீர்கள்

சொன்னால் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்கவில்லை. மருந்துக் கடையில் ஹைட்ரோகொலாய்டு ஒட்டு கிடைக்கும், பொட்டு அளவில் இருக்கும். சீழ் முனை வந்த பருவின் மேல் இரவில் ஒட்டினால் அது நீரை உறிஞ்சும், விரலும் அண்டாது.

9. சாப்பாடு

எண்ணெய்ப் பலகாரம் தின்றதால், உடம்புச் சூட்டால் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எண்ணெய்ப் பலகாரம் நேராகப் பருவாவதில்லை. சர்க்கரை அதிகமான குளிர்பானம், வெள்ளை பிரெட் போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுபவை, சிலருக்குப் பால், ஜிம் பையன்கள் குடிக்கும் வே புரோட்டீன் பவுடர் ஆகியவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த ஊர் பன்னி சௌ வெள்ளை பிரெட்டுக்குள் குழம்பு. வாரம் ஒரு முறை சாப்பிட்டேன், முகம் ஒன்றும் சொல்லவில்லை. கோலாவை விட்டேன். பட்டினி கிடக்க வேண்டாம்.

10. கருப்புத் திட்டு

பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருப்பு தழும்பு இல்லை, நிறம் மட்டும்தான். தானாக மங்கும், மாதக்கணக்கில் ஆகும். சன்ஸ்கிரீன் போட்டால் சீக்கிரம், போடாவிட்டால் வருடம். இதைப் பார்த்து அவசரப்படும்போதுதான் அந்த வெள்ளை டப்பாக் கடைக்குக் கால் போகும். பருவையும் கருப்பையும் சேர்த்துக் குறைக்க அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீத க்ரீம் உண்டு. மருந்தாளரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது என்று டாக்டர்கள் கொடுப்பது இது. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வழி வந்த பரு மருந்து) வகை எதுவும் கர்ப்பத்தில் கூடாது, கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும்போதும் கூடாது.

11. டாக்டரிடம் எப்போது, என்னென்ன எடுத்துக்கொண்டு

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் மாற்றம் இல்லை; வலிக்கும் கட்டி; குழி; மாதவிடாய் தப்பி, தாடையில் முடியும் வளர்ந்து, கூடவே பரு; காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை தொடங்கிய பின் திடீரென்று பரு; வெளியே போகவே மனசில்லாமல் அறைக்குள் அடைந்து கிடப்பது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போய்விடுங்கள். கடைசியாகச் சொன்னதும் மற்றவை அளவுக்கு முக்கியமான காரணம்தான்.

முதலில் பொது மருத்துவரே போதும். என்னிடம் ஐந்நூற்றைம்பது ரேண்ட் வாங்கினார். தோல் டாக்டருக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், தேதி கிடைக்க ஆறு வாரம் ஆனது. லேசான பருவுக்கு அடாப்பலீன் போன்ற ரெட்டினாய்டு க்ரீமைப் பொது மருத்துவரே எழுதித் தருவார். ஆன்டிபயாட்டிக் லோஷன் மட்டும் எழுதினால், கூடவே பென்சாயில் பெராக்சைட் தொடரலாமா என்று கேளுங்கள். தனியாகப் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை பற்றி யாராவது சொன்னால் அது கடுமையான பருவுக்கானது. கர்ப்பத்தில் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் கடும் ஊனம் உண்டாக்கும், டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது. ஊரிலிருந்து பார்சலில் வரவழைக்க வேண்டாம்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட், மெடிக்கல் எய்ட் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) அட்டை, ஞாயிற்றுக்கிழமைப் படங்கள், இதுவரை பூசிய எல்லா டப்பாவும். காலியானதும் சரி, பெயரில்லாததும் சரி. சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் எய்ட் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பரு இல்லை. பெரும்பாலும் திட்டத்துக்குள் இருக்கும் உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் கழிப்பார்கள், அது தீர்ந்திருந்தால் கைக்காசு. வரிசையில் நிற்பதற்கு முன்பே போன் போட்டு மீதியைக் கேளுங்கள். கையில் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதானால் ரசீதில் நோய்க் குறியீடு இருக்க வேண்டும். சாதாரணப் பருவுக்கு எல்70.0. அது இல்லாத என் முதல் ரசீதைத் திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போய் எழுதி வாங்கினேன்.

ஸ்கிரிப்டில் 'ரிபீட்' எழுதச் சொல்லுங்கள். எஸ்3, எஸ்4 மருந்துகளை ஒரே சீட்டில் ஆறு மாதம் வரை திரும்ப வாங்கலாம். எழுதாவிட்டால் ஒவ்வொரு டியூபுக்கும் இன்னொரு ஐந்நூற்றைம்பது. மெடிக்கல் எய்டுக்கு ரசீது போய்ச் சேர வேண்டிய கெடு, டாக்டரைப் பார்த்த மாதத்துக்குப் பிறகு வரும் நாலாவது மாதத்தின் கடைசி நாள். மார்ச்சில் பார்த்தால் ஜூலை 31. இங்குள்ள ரசீதுத் தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பின்புறம் கெடுத் தேதியைப் பேனாவால் எழுதி அலமாரிக்குள் வையுங்கள். நான் ஜன்னலோரம் செருகி வைத்த இரண்டு ரசீது இப்போது வெறும் வெள்ளைத் தாள்.